சாட்சிக் கூண்டில் ஒரு தும்மல்

பூந்தமல்லி நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டை என்னைப் போன்ற குள்ளர்களை நினைத்துச் செய்யவில்லை. கைப்பிடிச் சட்டம் என் நெஞ்சுக்கு வந்தது. அதன்மேல் கையை வைத்தால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் மாதிரி இருந்தது. எடுத்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் மாதிரி இருந்தது. பழைய வார்னிஷும் பல பேருடைய உள்ளங்கை வியர்வையும் கலந்த ஒரு வாசனை. மின்விசிறி நீதிபதிக்கு மட்டும் சுற்றியது.

வழக்குப் போட்டவரின் வக்கீல் ஓர் இளம்பெண். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, தன் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"அய்யா அனுமதியோட, ஒரு ஒலிப்பதிவு."

அழுத்தினார். கூடம் முழுக்க என் குரல்.

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் வாசல் தேடி வந்திருக்கிறது நமது தூய்மை வண்டி. மக்கும் குப்பையைப் பச்சை வாளியிலும், மக்காத குப்பையை நீல வாளியிலும் தனித்தனியாகக் கொண்டுவந்து தாருங்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு..."

இந்த இடத்தில் ஒரு தும்மல். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாகப் பாதியும் வாய் வழியாகப் பாதியுமாக வெளியேறிய தும்மல். அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல், "நன்றி, வணக்கம்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"இது உங்க குரலா?"

"ஆமாங்க."

"தும்மல்?"

"அதுவும் நான்தாங்க."

ஒரு தும்மலுக்காக நான் சத்தியப் பிரமாணம் செய்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்கிற தைரியம்தான்.

கோப்பு அறைக் கலைஞன்

ஆவடிப் பக்கம் உள்ள ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தேன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஊருக்குள் எங்கே நாறினாலும் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஆனால் நான் குப்பைக்காகப் பிறந்தவன் இல்லை. வானொலிக்காகப் பிறந்தவன். கல்லூரி முடித்த வருடம் அறிவிப்பாளர் தேர்வுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் செய்தி வாசித்ததைப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "தம்பிக்கு ஜலதோஷமா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியா" என்றார். அந்த 'அப்படியா'வோடு என் வானொலி வாழ்க்கை முடிந்தது.

எனவே குப்பை வண்டிகளுக்கு ஓர் அறிவிப்புப் பதிவு செய்ய வேண்டும், வெளியே கொடுத்தால் செலவு என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, நான் கையைத் தூக்கிய வேகத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியில் விரல் படாதது அதிர்ஷ்டம்.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டுமே! கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுற்றிலும் கூரை வரைக்கும் பழைய கோப்புகள். எதிரொலியே இல்லை. தூசி மட்டும்தான் இருந்தது. பதினேழு தடவை பேசினேன், முதல் பதினாறிலும் இரண்டு மூன்று தும்மல்கள். கடைசிப் பதிவில் ஒன்றே ஒன்று. அதுதான் தேறியது.

அடுத்த வாரம் முதல் வண்டிகளிலெல்லாம் நான் பேசினேன். என்னைத் தேர்ந்தெடுக்காத அந்தப் பெரியவர் எந்தத் தெருவில் குடியிருந்தாரோ தெரியாது. குப்பை கொட்ட வந்திருந்தால் கேட்டிருப்பார்.

ஏழுமலையும் ஒரு 'மேற்படி'யும்

என் மேற்பார்வையில் இருந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் ஏழுமலை. வீடு திருமழிசை. விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி, ஐந்தரை மணி வருகைப் பதிவுக்கு ஐந்தேகாலுக்கே வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். குப்பை வண்டியை யாராவது துடைப்பார்களா? அவர் துடைப்பார். முன்கண்ணாடியில் மஞ்சள் குங்குமம், ஒரு முழம் கதம்பம். அந்தப் பூவின் வாசனையும் பின்னாலிருந்து வரும் வாசனையும் முன் இருக்கையில் சண்டை போட்டுக்கொண்டே வரும்.

பதினோரு வருடமாக அவர் தினக்கூலி. நிரந்தரமாக்கும் கோப்பு ஒன்று உண்டு. அது மேசை மேசையாகப் போய்விட்டு, "பணியில் இருந்ததற்கான உரிய ஆதாரம் இணைக்கவும்" என்று ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும். பதினோரு வருடம் தினமும் எங்கள் கண்ணெதிரே வண்டி ஓட்டியவருக்கு எங்களிடமிருந்தே ஆதாரம் கேட்பார்கள்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. வண்டி எந்தெந்தத் தெருவுக்குப் போனது என்று பயணப் பதிவேடு எழுத வேண்டியவன் நான். காலை ஐந்தரை மணிக்கு எழுத நேரமும் இருக்காது, எனக்குக் கண்ணும் திறக்காது. அதனால் நாளைய பயணத்தை இன்று மாலையே எழுதிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். மாதத்தின் முதல் தேதிக்குத் தெருப் பெயர்கள். மற்ற தேதிகளுக்கெல்லாம் ஒரே சொல்: மேற்படி. கீழே என் கையெழுத்து.

ஏழுமலைக்கு ஒதுக்கப்பட்ட தெருக்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். என் வீடு இந்தப் பக்கம், கோவில்பதாகையில். எங்கள் தெருவுக்கு வேறு ஒரு வண்டி வரும். அதன் ஒலிபெருக்கி ரிப்பேராகி மாதக்கணக்காகியிருந்தது. ஊருக்கெல்லாம் கேட்ட என் குரல் என் தெருவுக்கு மட்டும் கேட்கவில்லை. இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மச்சான் வந்திருந்தார்

என் மனைவி வளர்மதியின் அண்ணன் ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் இருக்கிறார். நல்ல மனிதர். வரும்போதெல்லாம் இனிப்பு வாங்கி வருவார். கூடவே, "என்ன மாப்ளை, இன்னும் அந்தக் குப்பைதானா?" என்று ஒரு கேள்வியும் கொண்டுவருவார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். இனிப்பு இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

ஒருமுறை அவர் வந்து தங்கியிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. முந்தின நாள் மாலையில் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏழுமலை, நாளைக்கு உன் தெருவெல்லாம் முடிச்சிட்டு, ஒரு எட்டு மணி வாக்குல நம்ம தெருவுக்கு ஒரு ரவுண்டு வர்றியா?"

"உங்க தெருவுக்கா சார்? அது நம்ம லிஸ்ட்ல இல்லியே."

"குப்பை எடுக்க வேணாம். சும்மா... ஸ்பீக்கர போட்டுக்கிட்டு வா. எங்க வீட்டு வாசல்ல கொஞ்சம் ஸ்லோ பண்ணு."

ஏழுமலை என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "மச்சான் வந்துகிறாரா சார்?"

"ம்."

"வுடு சார். ஜம்முனு வர்றேன்."

அதன் பிறகு உள்ளே போய் நாளைய தேதிக்கு 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணி. மச்சானை எப்படியோ வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்தியிருந்தேன். தெருமுனையில் என் குரல் கேட்டது. அன்பார்ந்த பொதுமக்களே! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வண்டி திரும்பி மெதுவாக வந்தது. நடந்து போகிறவர் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. நான் கையை ஆட்டினேன். ஏழுமலை எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, மச்சானைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

அதே நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து சதாசிவம் அண்ணாச்சி ஒரு கையில் பச்சை வாளி, இன்னொரு கையில் நீல வாளியுமாக வேகவேகமாக வெளியே வந்தார்.

ராணுவ டாங்க் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். எதையும் சரியாகச் செய்கிறவர். வண்டி இரண்டு வாளி கேட்டது, அவர் இரண்டு வாளியோடு வந்தார். வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிற வண்டி எட்டுக்கே வந்துவிட்டதே என்கிற அவசரம் வேறு.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வண்டியின் முன்பக்கம் அவர் மேல் லேசாக இடித்தது. வாளிகள் பறந்தன. அண்ணாச்சி பின்னால் சாய்ந்து, கால்வாய்க் கல்லின் மேல் இடுப்பு பட விழுந்தார். வெங்காயத் தோலும் தேயிலைத் தூளும் அவருடைய வெள்ளை வேட்டி முழுக்க.

என் குரல், "உங்கள் ஒத்துழைப்புக்கு" என்று சொல்லித் தும்மியது.

வழியெல்லாம் வாளிகள்

நான் ஓடுவதற்கு முன்பே ஏழுமலை குதித்து அவரைத் தூக்கிவிட்டார். ஆம்புலன்சுக்குக் காத்திருக்க ஏழுமலை தயாராக இல்லை. முன் இருக்கையில் நான் உட்கார்ந்து அண்ணாச்சியை மடியில் சாய்த்துக்கொண்டேன். கதம்பப் பூ என் மூக்கில் உரசியது. அண்ணாச்சி என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல்கள் மரத்துப்போயின.

"ஸ்பீக்கர நிறுத்து ஏழுமலை!"

"சுச்சு போயி ரெண்டு மாசம் ஆவுது சார்! சாவி போட்டா பேசும், சாவி எடுத்தாதான் நிக்கும்!"

சுவிட்சை மாற்றச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேசையில்தான் இருந்தது.

எனவே கோவில்பதாகையிலிருந்து சி.டி.எச். ரோட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் அன்பார்ந்த பொதுமக்களை அழைத்தபடியே போனோம். வழி நெடுக வீடுகளிலிருந்து ஜனங்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். வண்டி நிற்காமல் பறப்பதைப் பார்த்து ஓர் அம்மா, "இன்னாயா, கூப்ட்டுட்டு ஓடுறீங்க?" என்று பச்சை வாளியை ஆட்டிக்கொண்டு கத்தினார்.

வலியில் கண்ணை மூடியிருந்த அண்ணாச்சி அப்போது ஒரு கண்ணைத் திறந்தார்.

"இது உம்ம குரலாவே?"

"ஆமாண்ணாச்சி."

"நான் யாரோ பொம்பளைன்னுலா நெனச்சேன்" என்றார். பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சாருக்கு ரெண்டே கேள்வி

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. அண்ணாச்சி சார்பில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். முதல் எதிர்மனுதாரர் டிரைவர் ஏழுமலை, இரண்டாவது எங்கள் அலுவலகம்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. புதுப்பிக்க வேண்டிய கோப்பு கையெழுத்துக்காகச் சுற்றிக்கொண்டிருந்தபோது வண்டி அண்ணாச்சியை இடித்துவிட்டது.

அலுவலக வக்கீல் எனக்குச் சட்டத்தை விளக்கினார். வாயில் வெற்றிலையோடு பேசியதால் சட்டமும் சிவப்பாக வந்தது.

"ரொம்ப சிம்பிள் சார். வேலைக்காரன் மொதலாளியோட வேலையா வண்டி ஓட்டி இடிச்சா, மொதலாளி பொறுப்பு. வேலையப் போட்டுட்டு, தன் இஷ்டத்துக்கு ஊர் சுத்தப் போய் இடிச்சா, அவனே பொறுப்பு."

"நடுவுல கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போனா?"

"அதுக்குத்தானே சார் நாங்க இருக்கோம்" என்று சிரித்தார். "நம்ம கேஸ்ல அந்தப் பிரச்சினையே இல்ல. உங்க பதிவேட்டப் பாருங்க. வண்டி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்னு எழுதியிருக்கு. இடிச்சது இந்தப் பக்கம். டிரைவர் யார்கிட்டயும் சொல்லாம வந்திருக்கான். அவ்வளவுதான். நீங்க வந்து ரெண்டே கேள்விக்கு ஆமாம்னு சொன்னாப் போதும். பதிவேடு நீங்க எழுதினதா? கையெழுத்து உங்களுதா?"

இரண்டுமே உண்மைதான். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கோழைகளுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வழக்கில் அலுவலகம் ஜெயித்தால் இழப்பீடு முழுவதும் ஏழுமலை தலையில். திருமழிசையில் ஷீட் போட்ட ஒரு வீடு, அதுதான் அவருக்கு இருந்தது. நிரந்தரக் கோப்போ, "அனுமதியின்றி வண்டியை எடுத்துச் சென்றவர்" என்கிற ஒரு வரியோடு நிரந்தரமாக மூடப்படும்.

எனக்கும் மச்சான் கீறாரு

விபத்து நடந்த நாளிலிருந்து நான் ஏழுமலையின் கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன். அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். "நானாகத்தான் அந்தத் தெருவுக்குப் போனேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை வாங்கிப் பதிவு செய்தவனும் நான்தான்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். அவர் வாளியும் துணியுமாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏழுமலை, நான்தான் வரச் சொன்னேன்னு நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

"அத்த எதுக்கு சார் சொல்லிகினு."

"வக்கீல்கிட்டகூடவா?"

துணியைப் பிழிந்தார். "சார், அன்னிக்கு உங்க மச்சான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. உங்க கொரலு அவருக்குக் கேக்கணும்னு வரச் சொல்லி, அதுல ஒரு பெரியவரு இடுப்பு போச்சுன்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு சார். எனக்கும் மச்சான் கீறாரு. எனக்குத் தெரியாதா?"

ஊருக்கே அறிவிப்பு கொடுத்தவன் வாயிலிருந்து அந்தக் கொட்டகையில் வந்தது ஒரே ஒரு வரிதான்.

"உன் ஊடு போயிடும் ஏழுமலை" என்றேன். அவர் பாஷை என் வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"போவாது சார். பெரியவரு நல்ல மன்சன். வாரா வாரம் போயி பாத்துகினு வர்றேன். ஆரஞ்சு வாங்கினு போனா, 'எதுக்குலே காசைக் கரியாக்குதே'ன்னு திட்டுவாரு. ஆனா ரெண்டு சொளை துன்னுவாரு."

நான் எதிர்வீட்டில் இருந்துகொண்டு அந்த மாதங்களில் இரண்டே தடவைதான் போய்ப் பார்த்திருந்தேன்.

மறுநாள் காலையில் வளர்மதி எனக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஏழுமலையைத் தவிர, வண்டியை வரச் சொன்னது யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு கேள்விதானே?"

"ஆமா. ரெண்டே கேள்வி."

"மூணாவதா ஒண்ணு கேட்டாங்கன்னா?"

"கேக்க மாட்டாங்க."

அவள் காலர் பட்டனைப் போட்டுவிட்டாள். அதை நான் எப்போதும் போடுவதில்லை, கழுத்தைப் பிடிக்கும். பூந்தமல்லி போய்ச் சேருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டேதான் இருந்தது.

கேட்காத கேள்வி

முதலில் எங்கள் வக்கீல் கேட்டார். பதிவேடு நான் எழுதியதா? ஆமாங்க. கையெழுத்து என்னுடையதா? ஆமாங்க.

பிறகுதான் அந்த இளம் வக்கீல் எழுந்து கைப்பேசியைத் தூக்கியதும், குரலும் தும்மலும் என்னுடையவை என்று நான் ஒப்புக்கொண்டதும். வண்டி ஊர் சுற்றப் போயிருந்தால் ஒலிபெருக்கி எதற்கு, அலுவலகத்தின் அழைப்பைக் கேட்டுத்தானே இவர் வாளியோடு வந்தார் என்பது அவருடைய கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் எங்கள் வக்கீல் உடனே எழுந்து, சாவி போட்டாலே அது பேசும், சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது, ஆகவே அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். நான் மாற்றித் தராத சுவிட்ச் அங்கேயும் வந்து நின்றது.

"வேற கேள்வி இல்லைங்கய்யா" என்று அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"நீங்க இறங்கலாம்" என்றார் நீதிபதி.

மூன்றாவது கேள்வி வரவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

கூடத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஏழுமலை. வழக்குப் போட்டவரும் வழக்குப் போடப்பட்டவரும் ஒன்றாகவே வந்திருந்தார்கள். அண்ணாச்சியின் தண்ணீர் பாட்டில் ஏழுமலையின் கையில் இருந்தது.

ஏழுமலை என்னைப் பார்த்து, இறங்குங்க சார் என்பதுபோல் கண்ணைக் காட்டினார். கூண்டின் கைப்பிடிச் சட்டத்திலிருந்து என் கை வரவில்லை.

"அய்யா, ஒண்ணு சொல்லணும்."

எங்கள் வக்கீல் மெல்லுவதை நிறுத்தினார்.

"சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"வண்டியை அந்தத் தெருவுக்கு வரச் சொன்னது நான்தாங்கய்யா. டிரைவர் தானாப் போகலை. அவருக்கு மேல அதிகாரி நான். நான் சொன்னேன், அவர் வந்தார்."

"அந்தத் தெருவுல என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லைங்கய்யா. என் மச்சான் கேக்கணும்னு..."

"எதை?"

"என் குரலை."

இந்தத் தடவை பின் பெஞ்சு மட்டுமல்ல, கூடமே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதைத் துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

தட்டச்சு செய்த அம்மா தலையைத் தூக்கி, "'மச்சான்'னே போடவாங்கய்யா?" என்று கேட்டார்.

"மனைவியின் சகோதரர்னு போடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தப் பதிவேடு?"

"முந்தின நாள் சாயங்காலமே எழுதினதுங்கய்யா."

"நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே எழுதிடுவீங்களா?"

"நடந்துடும்கிற நம்பிக்கையிலங்கய்யா."

கூண்டிலிருந்து இறங்கினேன். காலர் பட்டனைக் கழற்றினேன். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணாச்சியின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி கைத்தடியால் என் முழங்காலைத் தட்டினார்.

"அது கெடக்கட்டும்வே. உம்ம மச்சான் கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

இதை அந்த நேரம் வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அவர் கேக்கவே இல்லைண்ணாச்சி. காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு ஆபீஸ் மீட்டிங்ல இருந்திருக்கார். நீங்க விழுந்தப்புறம்தான் கழட்டினார்."

அண்ணாச்சி ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை என்னைப் பார்த்தார். அதன் பிறகு மூன்று பேரும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே நடந்தோம். இடுப்பு வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர் என்று அண்ணாச்சி நடுநடுவே நின்று திட்டினார்.

ஒரு பக்கத்துக்கு லாமினேஷன்

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முன்னால் பார்க்காமல் ஓட்டியது டிரைவரின் கவனக்குறைவுதான். ஆனால் மேலதிகாரியின் சொல்படி, வேலை நேரத்தில், அலுவலகத்தின் வண்டியை, அலுவலகத்தின் அழைப்பை ஒலிபரப்பிக்கொண்டு ஓட்டியவர் பணியில்தான் இருந்தார், தெரு மாறியதால் பணி மாறிவிடாது, இழப்பீட்டை அலுவலகமே தர வேண்டும் என்று தீர்ப்பு. அலுவலகத்திலிருந்து எனக்குக் குற்றச்சாட்டு மெமோவும், ஒரு வருட ஊதிய உயர்வு ரத்தும். நியாயம்தான்.

தீர்ப்பின் நடுவில் ஒரு வரி இருந்தது. "சம்பவ தினத்தில் இரண்டாம் எதிர்மனுதாரரின் ஓட்டுநராகப் பணியிலிருந்த முதல் எதிர்மனுதாரர்..."

ஏழுமலை அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "சார், இது ஆதாரம்தான சார்?"

அதற்குள் எனக்கும் உறைத்தது. பதினோரு வருடமாகக் கோப்பு கேட்டுக்கொண்டிருந்த ஆதாரம், நீதிமன்ற முத்திரையோடு. அலுவலகம் இனி அவர் எங்கள் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தின் நகலை நானே இணைத்து, நானே மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் வேலைக் காலத்தில் நான் 'மேற்படி' போடாமல், முழுசாக ஒவ்வொரு வார்த்தையாக எழுதிய ஒரே குறிப்பு அதுதான். அடுத்த வருடம் அவர் நிரந்தரமானார். அந்தப் பக்கத்தை லாமினேஷன் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறார். விபத்துத் தீர்ப்பைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய வீடு இந்த ஜில்லாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வண்டிகளிலிருந்து என் குரலை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு பெண் பேசுகிறார். தும்முவதில்லை.

அண்ணாச்சியால் இன்னமும் வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் நடக்க முடியாது. அவர் வீட்டு வாளிகளைக் காலையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆனால் சும்மா கொடுத்துவிட மாட்டார். கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வாளிகளையும் காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்வார்.

"கூப்பிட்டாத்தான் தருவேன்."

"அண்ணாச்சி, தெருவுல ஆள் போகுது."

"போகட்டும்வே. கோர்ட்ல அத்தனை பேரு முன்னால பேசினீரு. இங்கன என்ன வெக்கம்?"

நான் இருபக்கமும் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, பச்சை வாளியையும் நீல வாளியையும் தனித்தனியாகக் கேட்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். எதிரே எங்கள் வீட்டு ஜன்னலில் வளர்மதி நிற்பது தெரியும். "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, வணக்கம்" என்று முடித்து, வாளிகளுக்காகக் கையை நீட்டுகிறேன்.

அண்ணாச்சி ஒரு கண்ணை மட்டும் திறக்கிறார்.

"தும்மலை விட்டுட்டீரேவே."